மேற்குச் சரிவில் மூன்று நாள்

வீரையா மூன்று வாரமாக ஒரு மலையைத் தேடிக்கொண்டிருந்தார். வெறும் மலை இல்லை, பனிச்சறுக்கு மலை. ஆக்லாந்தில் குடியிருக்கிற மனுஷன்; காரை எடுத்தால் ஐந்து மணி நேரத்தில் ஒரு பனிமலை, விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. இதில் ஒன்றைப் பொறுக்கியெடுக்க மூன்று வாரமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கென்ன, யாரும் கேட்கலாம். அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வயது நாற்பத்தொன்பது. கிள்ளானில் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவர். ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. மனைவி சாந்தாவைப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை, சத்தம், சாமான் உடைப்பு எதுவும் கிடையாது. இரண்டு பேருமே களைத்துப்போய் ஒரு நாள் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். சாந்தா பக்குரங்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். இவர் நகரத்தின் மறுகோடியில், மாசி என்கிற பேட்டையில், ஒரு சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஒரே மகள் விஷாலினிக்குப் பதினைந்து வயது. அம்மாவோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமையும், பள்ளி விடுமுறை வந்தால் அதில் மூன்று நாட்களும் அப்பாவுக்கு.

இந்த ஜூலைக் குளிர்கால விடுமுறையின் மூன்று நாள்தான் இப்போது தலைக்கு மேல் நின்றது. சாந்தாவுக்குப் பிரிஸ்பேனில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அவளுடைய அக்காவும் அங்கேதான். ஜனவரியில் கிளம்புகிறாள். விஷாலினி அம்மாவோடு போவதா, அப்பாவோடு ஆக்லாந்தில் இருப்பதா என்பதை விஷாலினியே ஆகஸ்டு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வீரையாவுக்கு மகள் இங்கே இருக்க வேண்டும். இந்த உலகத்தில் அவருக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர் ஒரு குடும்ப ஆலோசகர். தட்டு நிறைய பிஸ்கட்டும் ஒரு பெட்டி டிஷ்யூவும் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசிய அம்மாள். பிரிந்த பெற்றோருக்கு ஏழு குறிப்புகள். மூன்றாவது குறிப்பு, பிள்ளை முடிவெடுக்கும்போது உங்கள் ஆசையை அதன் மேல் சுமத்தாதீர்கள் என்றது. வீரையா அதை மஞ்சள் மையால் கோடிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். பால் எடுக்கப் போனாலும் அதுதான் கண்ணில் படும். அதன்படியே மே மாதத்தில் ஒரு நாள் பக்குரங்கா பிளாசாவில் மகளோடு மதியச் சாப்பாடு சாப்பிடும்போது, ஒரே ஒரு தடவை விஷயத்தைத் தொட்டார். எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். அவள் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, தெரியவில்லை, பிரிஸ்பேன் நன்றாகத்தான் இருக்கும்போல என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நல்லது. உன் இஷ்டம்மா. அப்பாவுக்கு எதுன்னாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, சில்லி சாஸ் எடுத்து வருவதாக எழுந்து போனார். சாஸ் இருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று மூச்சைச் சரிசெய்துகொள்ள அவருக்கு நாலு நிமிஷம் பிடித்தது. எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டோம் என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சியும் கொண்டார், பாவம்.

ஆசையைச் சொல்லக் கூடாது, சரி. ஆனால் காட்டலாம் இல்லையா? மலை காட்டட்டும் என்று நினைத்தார். மூன்று நாள், அப்பாவும் மகளும், வெள்ளைப் பனி, சூடான மைலோ, விழுந்து எழுந்து சிரிப்பு. இந்த ஊரில் இருந்தால் இப்படியெல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தானாகவே தோன்ற வேண்டும். பிரிஸ்பேனில் என்ன இருக்கிறது, வெயில்தானே! பனியை எங்கே போய்த் தேடுவாள்? ஒரு மகளைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு மலையை நம்பிய ஆளை என்ன சொல்வது. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு முந்தைய விடுமுறைகள் சரியாக அமையவில்லை. ரொட்டோருவாவில் மூன்று நாளும் மழை. அதற்கு முன்னால் இங்கிருக்கிற கொரமண்டலில், அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவேயில்லை. அதனால் இந்த முறை தப்பு நடக்கக் கூடாது. வேலையிடத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வாரோ அதையே இங்கேயும் செய்தார். ஒரு பட்டியல் போட்டார். குவீன்ஸ்டவுன் ஒரு வரிசை. ருவாபெஹு மலையில் இரண்டு இடங்கள், ஃபகபாபா ஒரு வரிசை, டூரோவா ஒரு வரிசை. இரண்டுமே மலையின் மேற்குப் பக்கம்தான், ஒன்று வடமேற்கில், ஒன்று தென்மேற்கில். கடைசியாக சில்வர்டேலில் கூரைக்குள்ளேயே பனி போட்டு வைத்திருக்கிற கூடம். பயண நேரம், பனியின் ஆழம், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவு, பக்கத்தில் அவளுக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டார். கூட்டிப் பார்த்தால் மூன்று இடங்கள் ஒரே எண்ணில் வந்து நின்றன. திரும்பப் போட்டார். வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், ஆறு மணிக்கு உட்கார்ந்து, பனி எத்தனை சென்டிமீட்டர் என்று பார்ப்பார். நேற்று நாற்பது, இன்றைக்கு முப்பத்தைந்து. பனி குறைந்தால் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவார். ஆள் அந்த மூன்று வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டார்.

நடுவில் மகளுக்கு நாலு இடங்களின் படங்களையும் அனுப்பி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். அவள் நாலுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாள். போன் போட்டுக் கேட்டார். "ஐ டோன்ட் மைண்ட், அப்பா" என்றாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பெற்றவர்களைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும். வீரையா போனை வைத்துவிட்டு, குவீன்ஸ்டவுனுக்கு ஒரு மதிப்பெண் கூட்டினார். அடுத்த நாள் கழித்தார்.

கடைசியில் முடிவெடுத்துக் கொடுத்தவர் ஜெயரட்ணம். மருத்துவமனைப் பட்டறையில் பக்கத்து மேசைக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், பிளாக்ஹவுஸ் பேயில் இருபது வருஷமாக இருக்கிறவர், பிள்ளைகளை வருஷா வருஷம் மலைக்குக் கூட்டிப்போய்ப் பழகியவர். வீரையாவின் பட்டியலை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார், மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். குவீன்ஸ்டவுன் என்றால் பாதி நேரம் விமான நிலையத்தில் போய்விடும் என்றார். ஃபகபாபா நல்ல இடம், ஆனால் டூரோவாவுக்குக் கீழே ஒஹாகூனே என்று ஒரு ஊர் இருக்கிறது, பின்னேரத்தில் நடக்கலாம், சாப்பிடலாம். "நீங்கள் டூரோவாவுக்குப் போங்கோ வீரையா. மலை எங்கையும் ஓடாது. பிள்ளையோட கதைக்கிறதுக்கு ஒரு தெரு வேணும்" என்றார். அது மட்டும் வீரையாவின் மனத்தில் பதிந்தது. அன்றைக்கே அறை பதிவு செய்துவிட்டார்.

பனி உடைகளையும் ஜெயரட்ணமே தருவதாகச் சொன்னார். பிள்ளைகள் வளர்ந்துபோய்விட்டதால் எல்லாம் பெட்டியில் கிடக்கின்றன. அளவு பார்க்க வேண்டுமே என்று வியாழக்கிழமை வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, பக்குரங்காவுக்குப் போய் விஷாலினியை ஏற்றிக்கொண்டு, பிளாக்ஹவுஸ் பேயில் ஜெயரட்ணம் வீட்டுக்குப் போனார். நெரிசலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் மகள் சொன்னது மொத்தம் ஆறு வாக்கியம். அவர் எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

ஜெயரட்ணத்தின் மனைவி அஸ்வினி கதவைத் திறந்ததுமே தட்டை நீட்டிவிட்டாள். மட்டன் ரோல்ஸ், அப்போதுதான் பொரித்தது. விஷாலினி, "நோ தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். வீரையா உடனே குறுக்கே புகுந்தார். அவளுக்கு வேண்டாமாம், விடுங்கள், வேண்டுமென்றால் அவளே எடுத்துக்கொள்வாள் என்றார். அஸ்வினி இவர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கால்சட்டையை இடுப்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டே, "ஒண்டு எடு பிள்ளை" என்றாள் இரண்டாம் தடவை. இல்லை ஆன்ட்டி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள் இவள். மேல்சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் பார்த்து முடிந்த பிறகு அஸ்வினி மூன்றாம் தடவை தட்டோடு வந்தாள். இந்த முறை கேட்கக்கூட இல்லை. கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துவிட்டாள். விஷாலினி சாப்பிட்டாள். ஒன்று இல்லை, மூன்று. உதட்டில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டு, அஸ்வினியைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வீரையா பார்த்தார். தனக்கு அப்படி ஒன்று கிடைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தார். மூன்று ரோல்ஸ் சாப்பிடுகிற பசி இருக்கிறவள் முதலிலேயே எடுத்திருக்கலாமே, எதற்கு இந்த நாடகம் என்றும் நினைத்தார். அத்தோடு விட்டுவிட்டார். மனுஷன் இயந்திரத்தில் ஒரு திருகு தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். மற்றதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பக்குரங்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். ஜூலைக் குளிர், கண்ணாடியெல்லாம் ஈரம். பின் இருக்கையில் சோற்றுப்பானை, ஒரு போத்தல் நெத்திலி சம்பல், ஒரு கட்டு மெகி மீ நூடுல்ஸ், பெரிய ஃபிளாஸ்க் நிறைய மைலோ. பனிமலைக்குப் போகிறவன் எதைக் கொண்டுபோக வேண்டுமோ தெரியாது, கிள்ளான்காரன் எதைக் கொண்டுபோவானோ அதெல்லாம் இருந்தது. விஷாலினி பையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் ஏறினாள். பின்னாலேயே சாந்தா வீட்டுச் செருப்போடு வந்தாள். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டாள். பசியாறிவிட்டேன் என்றார், பசியாறவில்லை. ஒரு சின்ன டப்பாவைச் சன்னல் வழியாக நீட்டினாள்.

"வெல்லம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மேக்கே சூலம். ஆளுக்குக் கொஞ்சம் வாயில போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

சாந்தாவுக்கு வீட்டுச் சுவரில் நாள்காட்டி இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக் கூடாது, அப்படியே போக வேண்டியிருந்தால் எதைத் தின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் தெற்கே அல்லவா போகிறோம் என்றார் வீரையா. மலையில் எந்தப் பக்கம் என்று கேட்டாள் அவள். மேற்குப் பக்கம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் என்ன என்பதுபோல் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பார்வையிடம் தோற்றுப் பழகியவர், டப்பாவை வாங்கிக்கொண்டார். மகளிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சரி என்று மூடி, கியர் பக்கத்தில் இருந்த குழியில் வைத்துவிட்டார்.

சாந்தா கையசைத்தாள். மகள் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். அது வீரையாவுக்குக் கேட்கவில்லை. காரை எடுத்தார்.

முதல் திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை, போன் ஒலித்தது. மலையிலிருந்து வரும் செய்தி. மூன்று வாரமாக அதைத்தானே நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். பிளாசாவின் வண்டி நிறுத்தத்தில் ஓரங்கட்டி எடுத்துப் படித்தார். கடுங்காற்று. இன்றைக்கு மலை மூடல். நாளைக்கும் திறப்பது சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை பற்றி நாளைக்குச் சொல்வார்களாம். ஃபகபாபாவைப் பார்த்தார். அதுவும் மூடல். அதே காற்றுதானே, ஒரே மலைதானே.

வீரையா ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம், பத்துக்குப் பத்து மதிப்பெண், முப்பத்தைந்து சென்டிமீட்டர், எல்லாம் போயிற்று. அவருக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தார். குவீன்ஸ்டவுனுக்கு மத்தியானம் ஒரு விமானம் இருக்கலாம், பார்க்கட்டுமா என்று மகளிடம் கேட்டார். இல்லையென்றால் சில்வர்டேல், கூரைக்குள்ளேதான், ஆனால் பனி பனிதான். அதுவும் வேண்டாமென்றால் டௌப்போவுக்குப் போய் வெந்நீர்க் குளம். எது வேண்டும் என்றார்.

"ஐ டோன்ட் மைண்ட்" என்றாள் விஷாலினி.

இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். அன்றைக்கு மட்டும் அது எங்கேயோ போய்க் குத்தியது. "ஒரு தடவ சொல்லேம்மா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ஒரே ஒரு தடவ எனக்கு இது வேணும்னு சொல்லேன். நான் எங்கன்னாலும் காடிய ஓட்டுறேன். எங்கன்னு தெரியாம நான் எப்படிம்மா ஓட்டுவேன்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது ஆங்கிலத்தில்தான் பேசினாள். எல்லோரும் என்னிடமே கேட்கிறீர்கள் என்றாள். எங்கே போக வேண்டும், எங்கே இருக்க வேண்டும், யாரோடு இருக்க வேண்டும். பிஸ்கட் வைத்திருந்த அந்த அம்மாள் கேட்டாள், பள்ளியில் கேட்டார்கள், பெரியம்மா பிரிஸ்பேனிலிருந்து போன் போட்டுக் கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் யாருக்காவது வலிக்கும். அதனால் எனக்கு எதுவானாலும் சரி என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்றாள். அம்மா தினமும் கேட்கிறாள். சாப்பாட்டு டப்பா கட்டும்போது, தலை வாரும்போது, காரில். என்னோடு வந்துவிடு, நீ இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று. தொல்லையாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு நான் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒரு தடவதான் கேட்டீங்க" என்றாள், தமிழில். அடுத்ததைச் சொல்ல அவளிடம் தமிழ் போதவில்லை. ஆங்கிலத்துக்குத் தாவினாள். அஸ்வினி ஆன்ட்டி ஒரு ரோல்ஸுக்கு என்னை மூன்று தடவை கேட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று தடவை கேட்கிறார்கள். முதல் தடவையே எடுத்துக்கொள்ளக் கூடாது, நீங்கள்தானே சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தீர்கள்? பிரிஸ்பேன் நன்றாக இருக்கும்போல என்று நான் சும்மா சொன்னேன். நீங்கள் உடனே, "உன் இஷ்டம்மா. அப்பாவுக்கு எதுன்னாலும் சரிதான்." அதை மட்டும் அவர் சொன்ன மாதிரியே, அதே இழுவையோடு, தமிழில் சொன்னாள். "அப்புறம் சாஸ் எடுக்கப் போய்ட்டீங்க."

வீரையா அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். மூன்றாவது குறிப்பு, மஞ்சள் கோடு, ஆசையைச் சுமத்தாதீர்கள். சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை, அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அவர் பயந்துபோயிருந்தார். கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காகிதம் அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சட்டையை மாட்டிக் கொடுத்தது. இவரும் அதைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷனாக இரண்டு மாதம் உலாவினார். பிள்ளை பாட்டுக்கு அங்கே அப்பாவுக்கு நாம் வேண்டாம்போல என்று உட்கார்ந்திருந்திருக்கிறது. தன்னை அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

பட்டியலை மடித்தார். திரும்பச் சட்டைப் பையில் வைக்கவில்லை, கதவுப் பக்கத்து இடுக்கில் செருகினார்.

"இங்கயே இரும்மா" என்றார். "என்கூட. எனக்கு நீ வேணும். நீ இல்லாட்டி எனக்கு இந்த ஊர்ல என்னா இருக்கு, சொல்லு?"

விஷாலினி மேல்சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். முடியாது அப்பா என்றாள். அம்மா அங்கே தனியாக இருப்பாள். பெரியம்மா இருந்தாலும் அது வேறு. அம்மாவுக்குப் புது ஊரில் காரைப் பின்னால் எடுக்கக்கூடப் பயம் என்றாள்.

அவர் தலையாட்டினார். காரைக் கிளப்பினார். எங்கே போகிறோம் என்று கேட்டாள். டூரோவாவுக்கு என்றார். மூடியிருக்கிறதே என்றாள். "மூடியிருந்தா இருக்கட்டும். ஒஹாகூனேல பெரிய கேரட் பொம்ம ஒண்ணு வச்சிருக்காங்களாம். அதப் பாத்துட்டு, மீ போட்டுச் சாப்பிட்டுட்டு, தெருவுல நடப்போம்" என்றார். அவள் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். இடத்தை யாரோ சொல்லிவிட்டதே அவளுக்கு ஓய்வாக இருந்தது, பார்த்தால் தெரிந்தது.

மானுக்காவ் தாண்டியதும் இரண்டாவது தடவை கேட்டார். இந்த முறை வக்கீல்போல எல்லாவற்றையும் அடுக்கினார். பெரிய அறையை அவளுக்கே கொடுத்துவிடுவார். பள்ளிக்கூட நண்பர்களை விட வேண்டியதில்லை, மாசியிலிருந்து தினமும் தானே கொண்டுபோய் விடுவார், நெரிசல் நெரிசலாகவே இருக்கட்டும். சமைக்க இன்னும் நாலு கறி கற்றுக்கொள்வார். அம்மாவைப் பார்க்க எல்லா விடுமுறைக்கும் பிரிஸ்பேனுக்கு அனுப்புவார். விஷாலினி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. உங்கள் சாம்பார் ரொம்ப மோசம் என்றாள். அப்புறம், முடியாது அப்பா, நான் யோசித்துவிட்டேன் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பாப்பகுரா போயிற்று. ட்ரூரி போயிற்று. மழை ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. வீரையா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். மூன்றாவது தடவை கேட்க வேண்டும். அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வழக்கத்துக்கு. மூன்றாவதாக வருகிற வேண்டாம்தான் நிஜமான வேண்டாம், அதற்கு மேல் தட்டை நீட்டுகிறவர் யாரும் கிடையாது. கேட்காமல் விட்டால் ஆகஸ்டு முடிவு வரைக்கும் ஒரு மூலையில் ஆசையை வைத்துக் காப்பாற்றலாம். ஏழு வாரம். ஏழு வாரம் என்பது சின்ன விஷயமா? அந்த ஆசையோடு எழுந்து, வேலைக்குப் போய், வந்து, தூங்கலாம். அவர் ரொம்பக் களைத்திருந்தார். அது போதும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பக்கத்தில் அவள் போனைப் பார்க்கவில்லை. காதில் எதையும் மாட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்துக் காத்திருந்தாள்.

ஆக்லாந்தின் தெற்கு எல்லையான பாம்பே மேட்டில் ஏறும்போது கேட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "என்கூட இருந்துடும்மா."

"இல்லப்பா" என்றாள் விஷாலினி.

அவ்வளவுதான். மேடு முடிந்து சாலை இறங்கியது. ஆக்லாந்து பின்னால் போய்விட்டது. வீரையா அழுதார். மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை, கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன. விஷாலினியும் அழுதாள். அடுத்த ஜூலைக்கு வருவேன் என்றாள். இடத்தை நீங்களே சொல்லுங்கள், என்னைக் கேட்கக் கூடாது என்றாள். சரி என்று தலையாட்டினார். பேச முடிந்திருந்தால் அதற்குள்ளேயே ஓர் இடத்தைச் சொல்லியிருப்பார்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குழியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஒரு துண்டு வெல்லத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். வேண்டாம்மா என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்புறம் சாப்பிடுகிறேன், நீ சாப்பிடு என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து, மற்ற கையால் வெல்லத்தை வாயில் வைத்துவிட்டாள்.

வெல்லத்தில் கொஞ்சம் மணல் இருந்தது. வீரையா அதை மென்று விழுங்கினார்.